நான் இன்னும் முடிக்கவில்லை

செப்டம்பர் 17, திங்கள்

கடந்த மார்ச் மாதம், தோட்டச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், எல்லோர் முன்னிலையிலும் என் பெயரில் மன்னிப்புக் கேட்கப்பட்டது. நான் கேட்கவில்லை. என் மகள் நிரூபா கேட்டாள். இதுதான் எனக்கு இழைக்கப்பட்ட அநியாயம். இதை எழுதிவைத்துவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன்.

நடந்தது இது. பாரிசுக்கு வடக்கே நாங்கள் இருக்கும் இந்த ஊரில், ரயில் பாதைக்குப் பின்னால் நகரசபைக்கு நிலம் இருக்கிறது. அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, தோட்டம் செய்ய விரும்புகிறவர்களுக்கு ஒரு சங்கம் கொடுக்கிறது. எனக்கும் ஒரு துண்டு. உணவகச் சமையலறையில் இருந்து ஓய்வு பெற்ற கையோடு மண்வெட்டி வாங்கினேன். பாகல், பயற்றை, புடலை போட்டேன். புடலைக்குப் பந்தல் வேண்டும். போட்டேன். எந்தக் கட்டுமானமும் ஆளுயரத்துக்கு மேல் போகக்கூடாது என்பது சங்கத்தின் விதி. என் பந்தல் போனது. தன் சலாட் இலைகளுக்கு வெயில் விழவில்லை என்று பக்கத்துத் தோட்டத்துப் போர்த்துக்கல்காரர் ஜோக்கிம் முறைப்பாடு கொடுத்தார்.

கூட்டத்தில் தலைவர் கார்னியே என்னைப் பார்த்துக் கேள்வி கேட்டார். நான் எழும்புவதற்குள் நிரூபா எழுந்துவிட்டாள். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, விதி விளங்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். அவ்வளவு பேரும் அமைதியாகக் கேட்டார்கள். பிறகு கை தட்டினார்கள். வாசலடித் தோட்டத்துக் கிழவி வந்து என் தோளைத் தடவிவிட்டுப் போனாள்.

எனக்கு விதி விளங்கியது. விளங்கித்தான் மீறினேன்.

பந்தலைப் பிரித்தார்கள். ஜூன் மாதம் திரும்பவும் போட்டேன். ஆகவே வருகிற மார்ச் கூட்டத்தில் என் தோட்டத்தைப் பறிப்பதா இல்லையா என்று வாக்கெடுக்கப்போகிறார்கள். அன்று நான்தான் பேசுவேன். இன்று நகரசபையின் மாலை வகுப்பில் பெயர் பதிந்தேன்.

செப்டம்பர் 24, திங்கள்

எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று யாரும் நினைக்கவேண்டாம். ஒருவரும் சொல்லித்தராமல் நானே கற்றேன். சமையலறையில் என்னைத் திட்டியதைக் கேட்டுக் கற்றேன். பால் பெட்டியிலும் விதைப் பொட்டலத்திலும் இருந்ததை வாசித்துக் கற்றேன். வானொலியில் குதிரைப் பந்தயம் கேட்டுக் கற்றேன்.

இன்று தரம் பார்க்கும் பரீட்சை. ஆசிரியை மதாம் ஒலிவியே, கட்டையாகத் தலைமயிர் வெட்டியவர், நிரூபாவின் வயதிருக்கும். என் தாளைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். அவர்கள் பிரெஞ்சில் சொல்வதை நான் எங்கள் தமிழில்தான் எழுதப்போகிறேன். இது என் நாட்குறிப்பு.

“ஐயா, உங்கட எழுத்துக்கு ஆரம்ப வகுப்புத்தான் சரி. கீழ் மாடிக்குப் போங்கோ.”

“போகமாட்டன்.”

“ஒரு வசனத்திலயே இவ்வளவு பிழை இருக்கு.”

“எழுதப் பழக நான் வரேல்லை. கதைக்க வந்தனான்.”

அவர் மற்றவர்களைக் கவனிக்கப் போய்விட்டார். நான் எழும்பவில்லை. எல்லோரும் போனார்கள். காவலாளி சாவிக் கொத்தை ஆட்டிக்கொண்டு வாசலில் நின்றான். நான் எழும்பவில்லை. கடைசியில் மதாம் ஒலிவியே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்று சிரித்தார்.

“எழுத்து ஆரம்ப நிலை. பேச்சு இடைநிலை. பிடிவாதம் உயர்நிலை. எல்லாத்தையும் கூட்டிப் பிரிச்சால் கீழ் இடைநிலை வருது. வியாழக்கிழமை வாங்கோ.”

இதை நான் சலுகையாக எடுத்துக்கொள்ளவில்லை. அது சரியான கணக்கு.

அக்டோபர் 4, வியாழன்

வகுப்பு நடப்பது பகலில் சிறுவர்கள் படிக்கும் பள்ளிக்கூடத்தில். நாற்காலிகள் என் முழங்காலுக்கு வருகின்றன. பக்கத்தில் மாலி நாட்டுக்காரன் பக்கரி, காவல் வேலை செய்கிறவன். உட்கார்ந்தால் அவனுடைய முழங்கால் காதைத் தொடுகிறது. முன் வரிசையில் ருமேனியப் பெண்கள்.

நான் ஒரு கேள்வி கேட்டேன். மதாம் ஒலிவியே பதில் சொல்லிவிட்டு, “ஐயா, நீங்கள் என்னை ‘நீ’ எண்டு கூப்பிடுறியள்,” என்றார்.

“சமையலறையில எல்லாரும் ‘நீ’தான். முதலாளி என்னை ‘நீ’ எண்டவன். நானும் அவனை ‘நீ’ எண்டனான். முப்பது வருசம் அப்பிடித்தான்.”

“கூட்டத்தில தலைவரையும் அப்பிடியே சொல்லப் போறியள்?”

யோசித்தேன். மார்ச் மாதம் கார்னியே என்னைக் கேள்வி கேட்டபோது ‘நீங்கள்’ என்றுதான் கேட்டார். இனி அவருக்கும் ‘நீங்கள்’தான். ஜோக்கிமுக்கு யோசிக்கவேண்டும்.

அக்டோபர் 11, வியாழன்

கடைசிப் புடலங்காயைப் பிடுங்கினேன். வகுப்பில் இறந்தகாலம்.

நவம்பர் 5, திங்கள்

என் பேச்சை எழுதி முடித்தேன். மதாம் ஒலிவியே சிவப்புப் பேனையால் திருத்தித் தந்தார். இனி மனப்பாடம் செய்யவேண்டியதுதான். மண்ணைக் கொத்திக்கொண்டே சொல்லிப் பார்க்கிறேன். ‘மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, தோட்ட அன்பர்களே’ என்று தொடங்குகிறது. இடையில் மூச்சு விடும் இடங்கள்கூடக் குறித்திருக்கிறேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி என்றால் முதல் பரிசு எனக்குத்தான். எங்கள் ஊர் நெல்லியடியில் கேட்டால் இன்றும் சொல்வார்கள், கேட்பதற்கு ஆள் இருந்தால்.

நவம்பர் 15, வியாழன்

பேச்சு முழுவதும் வந்துவிட்டது. ஒரு சொல் பிசகாது. ரொட்டிக் கடை வரிசையில் வாய்க்குள் சொல்லிக்கொண்டு நின்றேன். முன்னால் நின்ற மனுசி விலகி எனக்கு இடம் விட்டாள்.

நவம்பர் 22, வியாழன்

இனி வகுப்புக்குப் போவதில்லை.

வகுப்பின் முன்னால் பேசிக் காட்டும்படி மதாம் சொன்னார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு தொடங்கினேன். நன்றாகத்தான் போனது. பாதி வழியில் பக்கரி கையைத் தூக்கினான்.

“ஐயா, புடலங்காய் எண்டால் என்ன?”

நல்ல கேள்விதான். ஆனால் என் வாயில் அடுத்த வசனம் இல்லை. எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. ஆகவே ‘மதிப்புக்குரிய தலைவர் அவர்களே’ என்று திரும்பவும் முதலில் இருந்து தொடங்கினேன். அதே இடம் வந்தது. ருமேனியப் பெண்களில் ஒருத்தி, “எவ்வளவு நீளம்?” என்றாள். திரும்பவும் ‘மதிப்புக்குரிய தலைவர் அவர்களே’.

சிரித்தார்கள். பக்கரி சிரிக்கவில்லை, அதை எழுதவேண்டும். நான் வெளியே வந்துவிட்டேன். குளிர்ச்சட்டை வகுப்பிலேயே கிடக்கிறது. எங்கள் ஊரில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள். பிழை என்னுடையது அல்ல.

நவம்பர் 25, ஞாயிறு

நிரூபா வந்தாள். கையில் என் குளிர்ச்சட்டை. மதாம் ஒலிவியே பதிவில் இருந்த இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தாராம். அது அவளுடைய இலக்கம். எல்லாப் பதிவிலும் அவளுடைய இலக்கம்தான்.

அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு, “அப்பா, மார்ச் மாசம் நானே வந்து கதைக்கிறன். பிரச்சினை முடிஞ்சுபோம்,” என்றாள்.

“போன முறை நீ கதைச்சதுதான் பிரச்சினை.”

“தோட்டம் போயிடும் எண்டு பயந்தன். அதுவும் இல்லாட்டி நீங்கள் நாள் முழுக்க என்ன செய்வியள்?”

“அதுக்காக என்னை மொக்கன் எண்டு சொல்லுறதோ?”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அப்பா, பத்து வயசில துவங்கின வேலை இது. விசா அலுவலகம், வங்கி, வீட்டுக்காரன், கரண்டுக்காரன், எல்லாருக்கும் உங்கட வாய் நான்தான். அம்மாவின்ர டொக்டரிட்டயும் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனனீங்கள். எனக்கு அப்ப பதினாலு. அந்த மனுசன் சொன்னதை நான் உங்களுக்கு அப்பிடியே சொல்லேல்லை. மருந்து மாத்திப் பாப்பம் எண்டு சொல்லுறார் எண்டன். இனி மருந்தில்லை எண்டுதான் அவர் சொன்னவர். நீங்கள் ரெண்டு பேரும் என்ர வாயையே பாத்துக்கொண்டு இருந்தனீங்கள். எனக்குச் சொல்ல வரேல்லை.”

பருப்பு அடிப்பிடித்துவிட்டது. அதை அவள் கவனிக்கவில்லை. சொன்னேன். சட்டியை எடுத்துக் கழுவினேன். அடிப்பிடித்தது லேசில் போகாது. நெடுநேரம் தேய்த்தேன். திரும்பிப் பார்த்தபோது அவள் போவதற்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 26, திங்கள்

வகுப்புக்குப் போனேன். காவலாளி கதவைத் திறக்கும் முன்பே போய்விட்டேன்.

டிசம்பர் 6, வியாழன்

மதாம் ஒலிவியே என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்டார். “போன கூட்டத்தில உங்கட மகள் கதைக்கேக்க ஆரும் குறுக்க கதைச்சவையோ?”

“இல்லை. மரியாதையாக் கேட்டவை.”

“மரியாதையில்லை, ஐயா. பாவம் எண்டு விட்டவை. இஞ்ச குறுக்க விழுந்தால்தான் நீங்கள் சொல்லுறதைக் கேக்கினம் எண்டு அர்த்தம். நீங்களும் குறுக்க விழவேணும். அந்தக் கடுதாசியைக் கிழிச்சுப்போடுங்கோ.”

கிழிக்கவில்லை. மடித்துப் பையில் வைத்தேன்.

பிறகு வகுப்பு முழுவதையும் எனக்கு எதிராகத் திருப்பிவிட்டார். பக்கரி தலைவர். ருமேனியப் பெண்கள் சலாட் பயிரிடுகிறவர்கள். நான் பேசவேண்டும், அவர்கள் பேசவிடக்கூடாது. ‘ஒரு நிமிசம்’, ‘அது அப்பிடியில்லை’, ‘லெஸே முவா ஃபினீர்’, அதாவது ‘என்னை முடிக்க விடுங்கோ’. இந்த மூன்றும்தான் இன்றைய பாடம். பக்கரி மேசையில் அடித்து, “உங்கட பந்தல் அசிங்கமாக் கிடக்கு!” என்று கத்தினான். “அது அப்பிடியில்லை! உம்மட கண்தான் அசிங்கம்!” என்றேன். எனக்கே தெரியாமல் வந்தது. மனப்பாடம் செய்ததில் அது இல்லை.

காவலாளி ஓடிவந்து சண்டையா என்று பார்த்தான்.

டிசம்பர் 13, வியாழன்

பழகுகிறேன். மருந்துக் கடையில் மனுசி மாத்திரை எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது குறுக்கே விழுந்தேன். தபாலகத்தில் விழுந்தேன். பேருந்தில் ஒருவர் ஓட்டுநரோடு வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார். எனக்குச் சம்பந்தமில்லை. ஆனாலும் விழுந்தேன்.

ஜனவரி 20, ஞாயிறு

எங்கள் ஆட்களின் பொங்கல் விழா. மேடையில் ஒருவர் நெடுநேரம் பேசினார். பிள்ளைகள் பிரெஞ்சு படித்ததால்தான் தமிழை விட்டுவிட்டார்கள் என்றார். நான் எழுந்துவிட்டேன்.

“ஒரு நிமிசம்! அது அப்பிடியில்லை!”

மண்டபம் முழுவதும் திரும்பியது.

“ஐயா, பேசி முடிக்க விடுங்கோ,” என்றார் அவர்.

“முடிக்கிற எண்ணம் உங்களுக்கு இருக்கிறமாதிரித் தெரியேல்லை. பிள்ளையள் பிரெஞ்சு படிச்சது ஆருக்காக? எங்களுக்காக. நாங்கள் படிக்காததாலதான் அதுகள் படிச்சதுகள்.”

இரண்டு இளைஞர்கள் மரியாதையாக என் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் தந்தார்கள். உள்ளே யாரோ கேட்பது கேட்டது.

“ஆர் உந்த அப்பு?”

“பிரெஞ்சு வகுப்புக்குப் போறாராம்.”

“அதுக்கு?”

பொங்கல் நன்றாக இருந்தது. நிரூபா கூட்டத்துக்குள் இருந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. வெளியே வந்து பக்கத்தில் நின்றாள். என் கிண்ணத்தில் இருந்த முந்திரிப் பருப்பை எடுத்துத் தின்றாள்.

பிப்ரவரி 24, ஞாயிறு

கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. மார்ச் பதினாறு. என் தோட்டத்தைத் திரும்ப எடுப்பது பற்றி வாக்கெடுப்பு என்று போட்டிருக்கிறார்கள். நானே வாசித்தேன். ஒரு சொல்லுக்கு மட்டும் அகராதி பார்த்தேன்.

நிரூபா தானும் வருவதாகச் சொன்னாள்.

“வரலாம். கடைசி வரிசை. வாய் திறக்கக்கூடாது.”

“நீங்கள் திக்கினாலும்?”

“நான் விழுந்து செத்தாலும்.”

“செத்தால் அம்புலன்சுக்குச் சொல்லலாமோ?”

“அதுக்கு மட்டும் கதை.”

மார்ச் 10, ஞாயிறு

பந்தல் கம்பிகளை இறுக்கினேன். உயரத்தைக் குறைக்கவில்லை.

மார்ச் 16, சனி

கூட்டம் முடிந்து வந்துவிட்டேன். நடந்தபடியே எழுதுகிறேன்.

என் விடயம் வந்தபோது கார்னியே மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். “மிஸ்யூ சித்தாவின்ர மகள் வந்திருக்கிறாவோ?” என் பெயர் சிற்றம்பலம். பாதிக்கு மேல் அவர்களால் போகமுடியாது.

“வந்திருக்கிறா. ஆனால் கதைக்கிறது நான்.”

எழுந்தேன். குளிர்ச்சட்டையைக் கழற்றவில்லை. மண்டபத்தில் சூடு போதாது.

“போன வருசம் எனக்கு விதி விளங்கேல்லை எண்டு இஞ்ச சொல்லப்பட்டது. அது பிழை. எனக்கு—”

“அது பழைய கதை, மிஸ்யூ சித்தா. இப்ப—”

“நான் இன்னும் முடிக்கேல்லை.”

கார்னியே வாயை மூடினார்.

“எனக்கு விதி விளங்கினது. விளங்கித்தான் பந்தல் போட்டனான். அண்டைக்குக் கேட்ட மன்னிப்பு என்னுடையதில்லை. அதை நான் திருப்பி எடுக்கிறன்.”

குறிப்பு எழுதும் பெண் தலையைத் தூக்கினாள். “இதை எப்பிடி எழுதுறது?”

“சொன்னமாதிரி எழுதுங்கோ.”

“மன்னிப்பைத் திருப்பி எடுக்கிறதுக்கு எங்கட சங்கத்தில விதி இல்லை,” என்றார் கார்னியே.

“கேக்கிறதுக்கும் விதி இல்லை. ஆனால் கை தட்டினனீங்கள்.”

யாரோ சிரித்தார்கள். ஜோக்கிம் எழுந்தார். “உதெல்லாம் இருக்கட்டும். என்ர சலாட்டுக்கு வெயில் இல்லை!”

“உங்கட அவரைக்கொடிக் கம்பு என்ர பந்தலிலும் பாக்க உயரம்.” அவருக்கும் ‘நீங்கள்’ கொடுத்துவிட்டேன்.

“அது கம்பு!”

“கம்புக்கு உயரம் இல்லையோ? வாசலடிச் செரிப்பழ மரத்துக்கு உயரம் இல்லையோ? தலைவரின்ர கொட்டில் கூரைக்கு?”

“என்ர மரத்தை ஆரும் தொடக்கூடாது!” வாசலடிக் கிழவி எழுந்துவிட்டாள். கொட்டில் வேறு விடயம் என்றார் கார்னியே. அது எப்படி வேறு என்று பின்னால் இருந்து ஒருவர் கேட்டார். பிறகு யார் யாரோடு கதைக்கிறார்கள் என்று தெரியவில்லை. நான் எல்லோருக்கும் குறுக்கே விழுந்தேன்.

நடுவில் ஒரு சொல் வரவில்லை. ஜூலை வெயிலில் பந்தலுக்குக் கீழே எல்லோரும் வந்து இருக்கலாம், நாற்காலி போடுகிறேன் என்று சொல்ல நினைத்தேன். பந்தலுக்குக் கீழே இருப்பதன் பெயர் வரவில்லை. என் தலை தானாகக் கடைசி வரிசைப் பக்கம் திரும்பியது. நிரூபா கையால் வாயைப் பொத்திக்கொண்டு மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கண் நிறைந்திருந்தது. சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைக்கிறேன்.

“வெயில் இருக்காத இடம்,” என்றேன். “பந்தலுக்குக் கீழ, வெயில் வந்து இருக்காத இடம்.”

“நிழல்!” என்று கத்தினார் ஜோக்கிம். “அதைத்தானே நானும் சொல்லுறன், நிழல்!”

“ஓம், நிழல். நல்ல நிழல். வந்து இருங்கோ.”

அப்போதுதான் கார்னியே மேசையில் அடித்தார். “மிஸ்யூ சித்தா, மற்ற ஆக்களையும் கொஞ்சம் முடிக்க விடுங்கோ!”

இந்த நாட்டில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

வாக்கெடுத்தார்கள். தோட்டம் என்னுடையதுதான். பந்தல் ஒரு சாண் இறங்கவேண்டும். உயரமான எல்லாமே இறங்கவேண்டும். ஏப்ரலில் எல்லாத் தோட்டங்களையும் அளக்க ஒரு குழு. அதிகம் கத்தியவர்களையே போட்டார்கள்: கார்னியே, ஜோக்கிம், நான். கடைசியில் யாரும் கை தட்டவில்லை. கிழவி என் முகத்தைப் பார்க்காமலே போனாள்.

பேருந்தில் நிரூபா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பகலில் தூங்குகிற பிள்ளை அல்ல. இறங்கவேண்டிய இடம் வந்தும் எழுப்பவில்லை. கடைசித் தரிப்பிடம் வரை போய்த் திரும்பி வந்தோம்.

மார்ச் 17, ஞாயிறு

இனிச் செய்யவேண்டியவை.

தலைவர் கார்னியே ஏப்ரலுக்கு முன் கொட்டில் கூரையை இறக்கவேண்டும். தலைவர் என்பதால் முதலில் அவர். ஜோக்கிம் தன் அவரைக்கொடிக் கம்புகளை வெட்டவேண்டும், வெட்டியதை எறியாமல் எனக்குத் தரவேண்டும். வாசலடிக் கிழவியின் செரிமரத்தில் மேல் கொப்பு மட்டும் போனால் போதும், அதற்கு அவள் ஏணியில் ஏறக்கூடாது, யாராவது ஏறவேண்டும், பழம் முழுவதும் அவளுக்கே போகவேண்டும். குறிப்பு எழுதும் பெண், மன்னிப்புத் திருப்பி எடுக்கப்பட்டது என்று தெளிவாக எழுதவேண்டும், அடுத்த கூட்டத்தில் உரக்க வாசிக்கவேண்டும்.

பழுதான லிஃப்டைப் பற்றி வீட்டுக்காரனிடம் கேட்கப்போகிறேன் என்று பக்கரி அக்டோபரில் இருந்து சொல்கிறான். இந்த வாரம் போகவேண்டும். வீட்டுக்காரனை முடிக்க விடக்கூடாது. மதாம் ஒலிவியே செப்டம்பரில் என்னை மேல் வகுப்பில் போடவேண்டும். எழுத்துப் பிழை பற்றி இன்னொரு வார்த்தை பேசக்கூடாது.

நான் பந்தலை ஒரு சாண் இறக்கவேண்டும். என் சாண்.

நகரசபை, வைத்தியசாலை, வங்கி எல்லாவற்றிலும் நிரூபாவின் இலக்கத்தை எடுத்துவிட்டு என் இலக்கத்தைப் போடவேண்டும். அதையும் நானே போய்ச் சொல்லவேண்டும்.

செவ்வாய்க்கிழமை எனக்கு இதய டாக்டர். சோதனை முடிவு வந்துவிட்டதாம். அவர் சொல்லவேண்டியதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும், உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும், விளங்காவிட்டால் திரும்பவும் சொல்லவேண்டும். நிரூபா வரவேண்டாம். அவள் அன்று வீட்டில் இருந்து தூங்கவேண்டும்.